காலியாக விட்ட இடம்

திரையின் வலது ஓரத்தில் ‘வாலு வந்தாச்சு’ என்று ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. கூடவே டிங் என்று அந்த மணிச்சத்தம். அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் மேசையில் உருண்டு கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு என்பது அவளுடைய தம்பி. அவனைக் கொண்டுபோன மழைக்காலமே இன்னும் முடியவில்லை.

வீட்டின் முன்னறைதான் அவள் கடை. கெட்டுப்போன ஹார்ட்டிஸ்க், தண்ணீரில் விழுந்த பென்டிரைவ், திறக்க மறுக்கும் மெமரி கார்டு என்று ஊரார் கொண்டுவந்து கொட்டுவதிலிருந்து படங்களையும் கணக்குகளையும் தோண்டி எடுத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. தம்பிக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. சாயங்காலம் வந்ததும் ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்காவின் மெஷினில் பென்டிரைவைச் சொருகி அன்றைய படங்களை இறக்குவான். அவன் பென்டிரைவ் வந்தால் மணி அடித்து, வாலு வந்தாச்சு என்று காட்டும்படி அவள்தான் விளையாட்டாக ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். உள்ளே ஹாலில் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு மகன் வீடு திரும்பிய சேதி அந்த மணிதான். அந்த பென்டிரைவ் அவன் பையோடு பாலத்தடி வெள்ளத்தில் போயிற்று. அவனை மறுநாள் எடுத்தார்கள். பை கிடைக்கவே இல்லை.

இப்போது சொருகியிருந்தது ஸ்டூடியோக்காரர் காலையில் கொடுத்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரம் கழித்து மூச்சு சீரானதும் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் தன்மேலேயே கோபம் வந்தது, இதற்குப் போய் இப்படிப் பயந்தோமே என்று.

எந்தப் பொருளைச் சொருகினாலும் மெஷின் அதனிடம் முதலில் விசாரிக்கும். உன்னைச் செய்தது யார், என்ன ரகம், உன் சீரியல் நம்பர் என்ன? நல்ல கம்பெனிப் பொருள் மூன்றையும் ஒழுங்காகச் சொல்லும். அதை எந்த போர்ட் துளையில் சொருகினாலும் மெஷினுக்கு அடையாளம் தெரியும். இலவசமாக அள்ளிக் கொடுக்கிற மலிவுச் சரக்கு அரைகுறையாகச் சொல்லிவிட்டு சீரியல் நம்பர் கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். மெஷின் அதற்காக அதை வெளியே தள்ளிவிடாது. தானே ஒரு நம்பரை இட்டுக்கட்டிக்கொள்ளும், அது உட்கார்ந்திருக்கிற போர்ட்டை வைத்து. அதையே பிடுங்கிப் பக்கத்து போர்ட்டில் சொருகினால், யாரோ புது ஆள் என்று நினைக்கும். அதே ரகத்து வேறொரு ஊமையைப் பழைய போர்ட்டில் சொருகினால், பழைய ஆளே வந்துவிட்டான் என்று வரவேற்று, அவனுக்குரிய டிரைவ் எழுத்து, அவனுக்குரிய உரிமை எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடும். தம்பியுடையதும் ஸ்டூடியோக்காரருடையதும் ஒரே பெட்டியில் வந்த இலவசங்கள். தம்பி எப்போதும் சொருகும் போர்ட்டில் அவள் யோசிக்காமல் சொருகிவிட்டாள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு எழுந்தபோது ஹாலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“அம்மாடி, மணி அடிச்சுதே.”

அவள் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். அப்பாவோடு பேசும்போது அவள் நிற்கும் இடம் அது. பார்வை போன நாளிலிருந்து அப்பா வீட்டு ஆட்களை அவரவர் இருக்கும் இடத்தை வைத்துத்தான் பிடித்துக்கொண்டார். சமையலறை நிலைப்பக்கம் சத்தம் கேட்டால் மகள். ஜன்னலோர நாற்காலி கிரீச்சிட்டால் மகன். மெஷின் ஆள் மாறிப்போய்த் தப்பாக அடித்துவிட்டது என்று அவள் விளக்கியதும் அப்பா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஒரு பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரியாது. மூணாவது ஜன்னல், கடைசி சீட்டு இடது பக்கம் என்று கண்ணாடியில் பார்த்தே கணக்கு வைத்திருந்தார். ஒருநாள் இரண்டு பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்து தூங்கிவிட, ஒருத்தி வீட்டில் இன்னொருத்தியை இறக்கிவிட்டு வந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா வேலையாயிருந்த மும்முரத்தில் யாரென்று பாராமலே கைகால் கழுவிவிட்டுச் சாப்பாடும் போட்டுவிட்டாளாம். இந்தக் கதையை அவர் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். இப்போது மறுபடி சொல்லிவிட்டு, அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தம்பியை எடுத்த நாளிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை. அவளுக்குச் சமையலறையில் போய் அழவேண்டியிருந்தது.

அம்மா இல்லாத வீடு. தம்பியும் போனபின் இந்த உலகத்தில் அவளை அம்மாடி என்று கூப்பிட அப்பா ஒருத்தர்தான் மிச்சம். அவரும் சாப்பிடாமல் கிடந்து போய்விட்டால் தான் யாருக்கு யார் என்கிற பயம், துணி துவைக்கும்போதும் பல் துலக்கும்போதும் அவளை விட்டு நீங்கவில்லை.

மறுநாள் ஸ்டூடியோக்காரர் வந்து, “தங்கச்சி, அவன் இல்லாம கடையே வெறிச்சோடிப் போச்சு” என்று மூக்கை உறிஞ்சிவிட்டு பென்டிரைவை வாங்கிப் போனார். அன்று சாயங்காலம், தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில், மணி அடித்தது.

வாலு வந்தாச்சு.

போர்ட்டில் ஒன்றும் இல்லை.

மழை ஈரம் உள்ளே இறங்கியிருக்கும், ஷார்ட் ஆகியிருக்கும் என்று அவள் பருத்தித் துணியால் துடைத்தாள். பிறகு, செய்யாமலே இருந்திருக்கலாம், மெஷின் வைத்திருக்கும் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஒரு டிரைவ் இருப்பதாக அது காட்டியது. செய்த கம்பெனி: வெறுமை. ரகம்: வெறுமை. கொள்ளளவு: பூஜ்யம். இருக்கும் இடம் மட்டும் தெளிவாக இருந்தது. எல்லாம் கெட்டுப்போன டிரைவ்கூடத் தன்னைப் பற்றி ஏதாவது உளறும். இதைப்போல ஒன்றுமே சொல்லாமல், ஆனால் இருக்கிறேன் என்று மட்டும் சொல்கிற ஒன்றை அவள் பார்த்ததில்லை. போர்ட்டின் வாயில் விரலை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது.

புரோகிராமை அழித்துவிட அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் உள்ளே அப்பா, “வந்துட்டான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டைத் தடவித் தேடும் சத்தம் கேட்டது. அவளுக்கு மனசு வரவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் மணி அடித்தது. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேச ஆரம்பித்தார். வேலை எப்படி இருந்தது, பாலத்தில் தண்ணீர் வடிந்ததா, வண்டிக்கு பிரேக் பார்த்தாயா என்று சாதாரணப் பேச்சுதான். கேள்வி கேட்டு, பதில் வரும் அளவுக்குக் காத்திருந்து, தலையாட்டுவார். பெற்ற மனசு, எதையாவது பற்றிக்கொண்டு பிழைக்கட்டும் என்று அவள் சமையலறை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். துக்கம் முற்றினால் இப்படி ஆவது உண்டு என்று டாக்டரும் சொன்னார்.

ஆனால் அந்த வாசனையை டாக்டர் முகரவில்லை. மணி அடித்துச் சற்று நேரத்தில் ஹாலில் நனைந்த ரப்பரின் வாடை எழும், மழை நாளில் ரெயின்கோட்டை உதறிப் போடும்போது வருகிற அதே வாடை, அதற்கு அடியில் தேங்கிக் கிடந்த சேற்றுத் தண்ணீரின் குளிர்ந்த நாற்றம், அது மெல்ல மெல்லச் சுவரோரமாகப் பரவி அப்பாவின் கட்டிலைத் தொட்டு அவள் பாதம் வரை வந்து நிற்கும். ஜன்னலோர நாற்காலியில் யாரும் இல்லை. அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பிரம்புப் பின்னல், கனம் ஏறியதைப்போலக் கிரீச்சிட்டுக் கொஞ்சம் தாழும். காலையில் தொட்டுப் பார்த்தால் ஈரம்.

ஒருநாள் அவள் துணிந்து கேட்டுவிட்டாள், யாரோடு பேசுகிறீர்கள் என்று.

“தம்பியோடதான். வேற யாரு?” என்றார் அப்பா.

“தம்பி இல்லப்பா. நீங்கதானே அவன் முகத்தைத் தடவிப் பார்த்தீங்க.”

அப்பா ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். “தெரியும்மா. இவன் பேரச் சொல்லலை. கேட்டா ம்-னு மட்டும்தான் சொல்றான். ஆனா அவன் இடத்துல உக்காந்திருக்கானே. வேற யாருன்னு நான் நினைக்கட்டும்?”

அன்றே முன்னறைக்குப் போய் அந்தப் புரோகிராமை அழித்தாள், மெஷினின் பட்டியலிலிருந்த அந்த வெறுமையையும் நீக்கினாள். போர்ட்டின் வாயில் பசை டேப்பை ஒட்டினாள்.

மணி நின்றது. வாடை நின்றது. நாற்காலி வெறும் நாற்காலியானது. அப்பா மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பி, டேய், டேய் என்று கூப்பிடுவார். பதில் இல்லையென்றதும் இன்னும் கொஞ்சம் சத்தமாக. அப்புறம் கெஞ்சலாக. தட்டைத் தள்ளிவிட்டார், மாத்திரையைத் துப்பினார். கன்னம் ஒட்டிப்போய், கை எலும்பும் நரம்புமாகி, கட்டிலில் ஒரு துணி மூட்டையாகச் சுருண்டு கிடந்தார். பிள்ளையை ஒரு தடவை தண்ணீர் கொண்டுபோனது, இன்னொரு தடவை நான் கொண்டுபோய்விட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. எதையாவது கொஞ்சம் குடியுங்கள் என்று அவள் மன்றாடியபோது, “தம்பி சாப்பிட்டானா?” என்று மட்டும் கேட்டார்.

அவளால் தாங்க முடியவில்லை. சமையலறை வாசலிலிருந்து செருப்பில்லாமல் பூனை நடையாக நடந்துபோய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னல் கிரீச்சிட்டது. அப்பாவின் முகம் சட்டென்று நிமிர்ந்தது.

“வந்துட்டியாடா?”

“ம்” என்றாள் அவள், தொண்டையை இறுக்கி, தம்பியைப்போல.

அப்பா கையால் துழாவித் தட்டை எடுத்துச் சாப்பிட்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்க இறங்கச் சாப்பிட்டார். எதிரே நாற்காலியில் அவளும் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, அப்பா கைக்கெட்டும் தூரத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு, போய் அந்த நாற்காலியில் உட்காருவாள். அவர் கேட்பதற்கெல்லாம் ம் என்பாள். அப்பாவின் கன்னத்தில் சதை பிடித்தது. மகளைப் பற்றி மகனிடம் பேசினார். அவளுக்கு ஒரு வழி பண்ணாமல் நான் கண்ணை மூடிவிடக் கூடாதடா, உன்னைவிட அவள்தான்டா எனக்கு உசிரு, அவகிட்ட சொல்லிடாதே என்றார். அதைக் கேட்க அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில், தன் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்றை அவள் யோசிக்கவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் சமையலறை வாசல் காலியாக இருந்தது.

அன்று பகல் முழுதும் மழை விடவில்லை. சாயங்காலமே ஹாலில் இருள் கட்டிவிட்டது. சுவர் மூலைகள் கரைந்துபோய், அப்பாவின் வெள்ளைத் துண்டும் கட்டிலின் விளிம்பும் மட்டும் தெரிந்தன. கூரைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“அம்மாடி, பால் ஆறிடுச்சா?”

எழுந்து போகலாம் என்று அவள் முழங்காலில் கையை ஊன்றினாள். சமையலறையில் ஒரு ஸ்பூன் தம்ளருக்குள் சுற்றும் சத்தம் கேட்டது. சர்க்கரை கரைக்கும் சத்தம். நிதானமாக. அவள் கலக்குவதைப்போலவே, கடைசியில் விளிம்பில் ஒரு தட்டு.

அடுப்பு எரியவில்லை. விளக்கு எரியவில்லை.

அந்த வாடை வந்தது. இந்த முறை ஜன்னலிலிருந்து வரவில்லை.

“அப்பா” என்றாள். “அப்பா, நான் இங்க இருக்கேன். உள்ள யாரோ இருக்காங்க.”

அப்பா சிரித்தார். “ஆரம்பிச்சுட்டியாடா. அக்கா குரல்ல பேசி என்னை ஏமாத்தலைன்னா உனக்குத் தூக்கம் வராதே.”

தம்பிக்கு வாலு என்று பேர் வந்ததே அதனால்தான். அவள் எழுந்தாள். நாற்காலியை விட்டு நகர்ந்து ஹாலின் நடுவே வந்து நின்றாள். அவள் எழுந்த நாற்காலி, அவள் முதுகுக்குப் பின்னால், மறுபடி கிரீச்சிட்டுத் தாழ்ந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அப்பாவின் சிரிப்பு நின்றது. தலையைச் சாய்த்து, முதலில் ஜன்னல் பக்கம் கேட்டார். அடுத்துச் சமையலறைப் பக்கம் கேட்டார். கடைசியாக அவள் நின்ற இடத்தை நோக்கி, எதுவும் தெரியாத அந்தக் கண்கள் திரும்பின.

“யாரது, நடுவுல நிக்கிறது?”

“நான்தான்ப்பா. உங்க பொண்ணு.” தன் பெயரைச் சொன்னாள். பிறந்த ஊரைச் சொன்னாள், அம்மா பெயரைச் சொன்னாள், சின்ன வயசில் பஸ்ஸின் முன்சீட்டில் அவர் மடியில் உட்கார்ந்து ஹாரன் அடித்ததைச் சொன்னாள். கடகடவென்று, ஒன்று விடாமல், தன்னைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை. வழி தப்பி வந்த பிள்ளையிடம் பேசுகிற இரக்கம் இருந்தது.

“அதெல்லாம் என் பொண்ணோட விஷயமாச்சே. அவ அங்க நிக்கிறா பாருங்க. நீங்க யாரும்மா?”

நீங்க என்றார். அவளை. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவர் கையைப் பிடிக்கப் போனாள். அப்பா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார். அவர் உடம்பு நடுங்கியது. அவளைக் கண்டுதான் நடுங்கியது.

“அம்மாடி” என்று அவர் சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டார். “யாரோ பாவம், வீடு தெரியாம வந்துட்டாங்க. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வா.”

ஸ்பூன் நின்றது.

நிலைப்படியில் ஈரப் பாதம். ஒன்று. இன்னொன்று.

அது அவள் பக்கம் வருமுன் கட்டில் பக்கம் போயிற்று. தம்ளரை அப்பாவின் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தது. அப்பாவின் நடுக்கம் அடங்கியது. அவர் நிம்மதியாக மூச்சுவிட்டுத் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார். அதன் பின் இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு, முரட்டுத்தனம் கொஞ்சமும் இல்லாமல், அவள் மணிக்கட்டைப் பற்றியது. குளிர்ந்திருந்தது. அதன் விரல்களில் நகம் இல்லை, மூட்டுகளில் மடிப்பு இல்லை, இன்னும் எதுவும் எழுதப்படாத கை. அது அவளைத் தெருக்கதவை நோக்கி மெல்ல நடத்திக்கொண்டு போயிற்று. பின்னால் அப்பா வாயோரம் பால் வழிய, “பார்த்துக் கூட்டிட்டுப் போ அம்மாடி, வெளிய மழை” என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.